80 சேலை நீளம் நடக்க முடியுமா?

சேலம் பக்கத்து இளம்பிள்ளைச் சேலை ஒன்றின் நீளம் ஐந்தரை மீட்டர். 80 சேலையைத் தெருவில் வரிசையாக விரித்தால் 440 மீட்டர்! இந்த 440-க்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா? நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தம் என்றொரு நோய். அந்த நோயாளி 6 நிமிடத்தில் 440 மீட்டருக்கு மேல் நடந்தால் ஆபத்து குறைவு என்கிறது ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி. 165 மீட்டரைக்கூடத் தாண்டவில்லையா? ஆபத்து அதிகம்! கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 30 சேலை!

இந்த 6 நிமிட நடைச் சோதனைக்கு என்னென்ன வேண்டும்? 30 மீட்டர் வராந்தா, இரு முனையிலும் ஒரு கூம்பு, ஒரு கடிகாரம். அவ்வளவுதான்! ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம். ஆனால் கடிகாரம் நிற்காது! கூட இருப்பவர் "சபாஷ், வேகமா வாங்க" என்று இஷ்டத்துக்கு உசுப்பேற்றவும் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை, எழுதி வைத்த வாக்கியம் மட்டும்! முடிந்ததும் தன் மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 10 வரை நோயாளியே மார்க் போட வேண்டும்.

இதை நம்பியா மருந்துக்கு அனுமதி கொடுப்பார்கள்? கொடுத்தார்களே! எந்த மருந்துக்கு தெரியுமா? வயாகராவுக்கு! அதில் இருக்கும் அதே சில்டெனாஃபிலை 278 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 20 மில்லிகிராம் மாத்திரை, தினம் 3 வேளை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களின் நடை சுமார் 45 மீட்டர் கூடியது. 2005-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கும் அனுமதி! நோய் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெண் பெயர் போட்ட சீட்டில் இந்த மருந்தைப் பார்த்துச் சிரிக்கும் மருந்துக்கடைத் தம்பிகள் கவனிக்க!

கையில் பட்டை கட்டிப் பார்த்தால் 120/80. எல்லாம் சரிதானே? இல்லை! நுரையீரல் தமனியின் அழுத்தம் அந்தப் பட்டைக்குத் தெரியவே தெரியாது! அங்கே சராசரி 14 இருந்தால் இயல்பு. 20-ஐத் தாண்டினாலே நோய்!

பிறகு எப்படித்தான் அளப்பது? சிரை வழியாக இதயத்தின் வலது பக்கத்துக்குக் குழாய் விட்டு! முதலில் யாருக்கு விட்டார்கள் தெரியுமா? விட்டவர் தனக்குத்தானே விட்டுக்கொண்டார்! 1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே. வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர். மேலதிகாரி கூடாது என்றார். நர்ஸ் ஒருவர் "எனக்குச் செய்யுங்கள்" என்று முன்வந்தார். அவரை மேசையில் கட்டிப் படுக்கவைத்துவிட்டு, நைசாகத் தன் முழங்கையை வெட்டி 65 சென்டிமீட்டர் குழாயைச் செருகிக்கொண்டார்! அதோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படமும் எடுத்தார்! கிடைத்தது திட்டு. நோபல் பரிசு? 27 ஆண்டு கழித்து, 1956-ல்!

வலது இதயத்தின் சுவர் எவ்வளவு கனம்? 3 முதல் 5 மில்லிமீட்டர்தான்! இடது பக்கம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. எக்கோ என்னும் இதய ஸ்கேனில் டாக்டர் ஒரு சின்ன அளவைத் தேடுவார்: ஒவ்வொரு துடிப்புக்கும் வலது வால்வின் வளையம் எவ்வளவு இறங்குகிறது? 17 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வலது இதயம் களைத்துவிட்டது!

கோழிக்கும் இந்த நோய் வரும், தெரியுமா? நாமக்கல் பக்கம் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள்! பிராய்லர் உடம்பு மளமளவென்று வளரும். நுரையீரலோ விலாவோடு ஒட்டியது, விரியாது. வலது இதயம் தோற்றுப்போய் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். செத்த கோழியின் இதயத்தை அறுத்து வலது கீழறையைத் தனியாக எடை போடுவார்கள். இரு கீழறைகளின் மொத்த எடையில் அது கால் பங்கைத் தாண்டினால் சந்தேகம்!

இன்னொன்று! வேலியோரக் கிலுகிலுப்பைச் செடி தெரியுமல்லவா? அந்த இனத்துச் செடி ஒன்றின் நஞ்சை ஒரே ஒரு ஊசி போட்டால் போதும், சில வாரங்களில் எலிக்கு இந்த நோய்! உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இப்படியும் நோயை உண்டாக்கி மருந்து தேடுகிறார்கள்.

அறிகுறி தொடங்கியபின் நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாளாகிறது? பெரும்பாலும் 2 ஆண்டுக்கு மேல்! "வயசாச்சு, உடம்பு போட்டாச்சு" என்று தள்ளிவிடுகிறோமே, அதனால்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மயக்கம் வருகிறதா? கால் வீங்குகிறதா? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இதய டாக்டரிடம் எக்கோ வேண்டுமா என்று கேளுங்கள். அதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை!