கொஸ்லந்தைக் குகையில் கண்ட வைரஸ்கள்

வெலிமடையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறி, பெரகலையில் வெல்லவாயப் பாதைக்குத் திரும்பினால் கொஸ்லந்தை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை லயங்களை மண்சரிவு மூடிய நாளிலிருந்து அந்தப் பெயர் மலையக மக்களின் நெஞ்சில் ஆறாத புண்ணாக நிற்கிறது. தியலும நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறவர்களுக்கும் ஊர் தெரியும். அதே ஊர்ப் பெயர் உலக வைரஸ் ஆய்வுக் கட்டுரைகளிலும் ஏறியிருக்கிறது என்பது, அங்கே கொழுந்து பறிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வவுல் கல்கே என்ற வௌவால் குகைதான் அதற்குக் காரணம்.

2018இலும் 2019இலும் மூன்று தடவைகளாகக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெர்லினிலுள்ள ராபர்ட் கோக் நிறுவனத்தாரும் அந்தக் குகையில் வேலை செய்தார்கள். 395 வௌவால்கள் பிடிபட்டன. அவற்றிடமிருந்து எடுத்த 396 எச்ச, மலவாய் மாதிரிகளில் 33இல் கொரோனா குடும்ப வைரஸின் தடயம் இருந்தது. முடிவு 2021இல் வெளியானது. கொவிட் உச்சத்தில் இருந்த நேரம். ஆனால் மாதிரிகளை எடுத்து முடித்தபோது கொவிட் என்ற பெயரே உலகத்தில் இல்லை. கொஸ்லந்தையில் கண்டது கொவிட் வைரஸும் அல்ல.

கொவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பிசிஆர் சோதனையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது இன்ன வைரஸ் என்று தெரிந்துகொண்டு தேடுவது. பெயரே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? ஒரு குடும்பத்து வைரஸ்கள் எல்லாவற்றிலும் பெரிதாக மாறாத மரபணுப் பகுதி ஒன்று இருக்கும். வைரஸின் மரபணுவைப் படியெடுக்கும் நொதியைச் செய்வதற்கான பகுதி அது. அதைக் குறிவைத்துத் தேடினால் இதுவரை யாரும் காணாத உறவுக்காரனும் அகப்படுவான். கொஸ்லந்தை மாதிரிகளில் இப்படி வாசித்தது 384 எழுத்து நீளமான துண்டு. ஒரு கொரோனா வைரஸின் முழு மரபணுத் தொடரோ 30,000 எழுத்துகளை நெருங்கும். நீண்ட கதையொன்றில் ஒரு வரி கிடைத்தது போலத்தான். இன்ன குடும்பம், இன்ன கிளை என்று அந்த வரியை வைத்துச் சொல்லலாம். மனிதரைத் தொற்றுமா, நோய் தருமா என்று சொல்ல முடியாது.

அந்த ஒரு வரியிலேயே வியப்பான செய்தி ஒன்று இருந்தது. 33 மாதிரிகளில் 31 பூச்சி தின்னும் சிறிய மினியோப்டெரஸ் வௌவாலுடையவை. அவற்றில் இருந்தது அல்ஃபா பிரிவு. மற்ற இரண்டும் பழம் தின்னும் ரூசெட்டஸ் வௌவாலுடையவை. அவற்றில் பீட்டா பிரிவு. ஒரே குகைக்குள் கூடித் தூங்குகிற இனங்கள்தான். இருந்தும் ஒன்றின் வைரஸ் மற்றதில் காணப்படவில்லை. கொவிட் வைரஸும் பீட்டா பிரிவுதானே என்று கேட்கலாம். பிரிவு ஒன்று என்பதற்காக ஆபத்தும் ஒன்றாகிவிடாது. சாதாரணத் தடிமன் தருகிற கொரோனா வைரஸ்கள் இரண்டு பிரிவிலும் இருக்கின்றன.

2023இல் வந்த இரண்டாவது ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. இந்தத் தடவை எதையும் குறிவைக்கவில்லை. மாதிரியில் இருந்த மரபணுத் துண்டுகள் அத்தனையையும் இயந்திரம் வாசிக்க, வௌவாலுடையது எது, பக்டீரியாவுடையது எது என்று பிரித்து, வைரஸின் சாயல் தெரிந்ததைத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டார்கள். எச்சத்திலும் சிறுநீரிலும் இரண்டு வகை அல்ஃபா கொரோனா வைரஸ்கள் இருந்தன. சிறுநீரில் பராமிக்ஸோ குடும்பத்து வைரஸ் ஒன்றும் இருந்தது. சின்னமுத்தும் நிபாவும் சேர்ந்த குடும்பம் அது. எச்சத்தில் இஃப்லா குடும்பத் தடயமும் கிடைத்தது. அந்தக் குடும்பம் பூச்சிகளுக்குரியது. வௌவால் தின்ற இரையோடு வந்திருக்கக்கூடும். வாயில் எடுத்த மாதிரிகளில் எதுவுமே இல்லை. கண்டவற்றில் பல, இலங்கை வௌவால்களில் முதல் தடவையாகப் பதிவானவை. மனிதருக்கு நோய் தரும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் இடையில் அந்தச் சின்ன மினியோப்டெரஸ் வௌவாலுக்கே பெயர் மாறிவிட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் இருப்பது தனி இனம் என்று 2022இல் கண்டு, மினியோப்டெரஸ் பிலிப்ஸி என்று பெயரிட்டார்கள். டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் இங்கே தோட்டத்துரையாக இருந்துகொண்டே இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் நூல் எழுதியவர். வைரஸ் கிடக்கட்டும், அதைச் சுமக்கிற பிராணியையே நாம் இன்னும் முழுதாக அறிந்து முடிக்கவில்லை.

எல்லாக் கண்டுபிடிப்பும் இப்படிச் சாதுவானதல்ல. கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையின் பெயரைத் தாங்கிய லிசா வைரஸ் ஒன்றை 2016இல் அறிவித்தார்கள். அங்கே அகப்பட்டது வெறும் மரபணுத் துண்டல்ல. பெரிய பழந்தின்னி வௌவால்களின் மூளையிலிருந்து வைரஸையே பிரித்தெடுத்தார்கள். விசர்நாய்க்கடி நோய் தரும் வைரஸுக்கு அது நெருங்கிய சொந்தம். ஆகவே தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் கையால் தூக்கக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவி, நாய் கடித்தால் போவது போல அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு விடயத்தில் நாளைக்குப் பார்க்கலாம் என்பது உயிரோடு விளையாடுவது.

புதிய வைரஸ்கள் அகப்படுவதில் தோட்டத்துப் பயிரும் விலக்கல்ல. இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் தனி இனம் என்று தெரியவந்தது 2002இல். 2015இல் அது கம்போடியாவில் தலைகாட்டி, பிறகு வியட்நாம், தாய்லாந்துத் தோட்டங்களுக்கும் பரவியது. நடுவதற்கென்று கைமாறிய மரவள்ளித் தடிகளும் வெள்ளை ஈயும் அதைக் கொண்டுபோயின. பெயரும் மரபணுத் தொடரும் முன்பே பதிவாகியிருந்ததால் வந்தது எது என்று அங்கே உடனே அறிய முடிந்தது.

மனிதரைக் கொல்லும் நோயில் அந்தப் பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று சார்ஸ் காட்டியது. கண்டியில் பிறந்து பேராதனையில் மருத்துவம் படித்த மலிக் பீரிஸ், 2003இல் ஹொங்கொங்கில் தம் குழுவோடு சேர்ந்து, அந்தப் புது நோய்க்குக் காரணம் ஒரு கொரோனா வைரஸ் என்று கண்டார். அதுவரை மனிதரில் கொரோனா வைரஸ் என்றால் தடிமனோடு போகிற விஷயம். அந்த நோயில் 774 பேர் இறந்தார்கள். வௌவாலில் கொரோனா வைரஸ் உண்டு என்ற முதல் அறிக்கை 2005இல்தான் வந்தது. அதுவும் அவர் பங்கேற்ற ஆய்வே. வௌவாலும் கொஸ்லந்தையில் இருக்கிற அதே மினியோப்டெரஸ் பேரினந்தான். நோய் வந்த பிறகு தேடத் தொடங்குவதற்கும் தேடி வைத்திருப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் எனக்கு இதில் தெளிவாகத் தெரிகிறது.

குகையை மூடவோ புகை போடவோ யாரும் நினைக்க வேண்டாம். மினியோப்டெரஸ் இரவெல்லாம் பூச்சிகளைத் தின்கிறது, ரூசெட்டஸ் விதைகளைப் பரப்புகிறது. விரட்டினால் அவை சிதறி நம் கூரைக்கே வரலாம். உள்ளே போய் எச்சத்தையும் சிறுநீரையும் மிதிக்காமல், தொடாமல் இருந்தால் போதும்.

என் ஆதங்கமெல்லாம் மொழியைப் பற்றியது. கொஸ்லந்தைக் குகை பற்றிய இரண்டு அறிக்கைகளும் ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கின்றன. பருவத்துக்குப் பருவம் இந்த வைரஸ்கள் எப்படி மாறுகின்றன என்று அடுத்துப் பார்க்கப் போவதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்த மாதங்களில் வைரஸ் அதிகமாக வெளியேறுகிறது என்பது அதில் தெரியவந்தால், அந்தச் செய்தி முதலில் தேவைப்படுவது குகையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு. பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் அதை ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாகவாவது தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, கொஸ்லந்தைத் தோட்டங்களின் லயங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.