உப்புக் காற்றும் ரீகாலும்

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் பிறந்த எனக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பைக் வாங்கிக் கொஞ்ச நாளிலேயே சைலென்சர் பொத்துப் போகும், நட்டு கழலாது. "உப்புக் காத்து, என்ன பண்றது" என்று விட்டுவிடுவோம். ரீகால் பற்றிப் படித்த பிறகுதான், எல்லாப் பழியையும் காற்றின் மேல் போடக்கூடாது என்று பட்டது.

ஒரு மாடலிலோ, குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளிலோ ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால், அவற்றைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவதே ரீகால். 2020-ல் நடந்தது நமக்குப் பக்கத்துக் கதை. ராயல் என்ஃபீல்டு பைக்குகள் நம் தமிழ்நாட்டு ஒரகடம் பக்கம் தயாராகின்றன. பிரிட்டன், ஐரோப்பா, கொரியாவில் விற்ற இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி., ஹிமாலயன் வண்டிகள் சுமார் 15,200-ஐ அந்த ஆண்டு திரும்ப அழைத்தார்கள். காரணம், உப்பு! குளிர்காலத்தில் ஐஸ் கட்டாமல் இருக்க அங்கே ரோட்டில் உப்பு தூவுவார்கள். அது பிரேக் காலிப்பரில், பிஸ்டன் நகரும் துளையை அரித்தது. பிஸ்டன் இறுகிப்போனால் லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அங்கே அதை 'உப்பு, என்ன பண்றது' என்று விட்டுவிடவில்லை.

நம் நாட்டில் 2012 முதல் கம்பெனிகள் தாமாகவே ரீகால் செய்து வந்தன. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110-ஏ பிரிவு அரசே உத்தரவிட வழி செய்தது. 2021 ஏப்ரல் முதல் அமலான விதிகளின்படி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். எத்தனை ஓனர்கள் புகார் செய்தார்கள் என்பதும் கணக்கு. ஆகவே குறை கண்டால் மெக்கானிக்கிடம் புலம்புவதோடு நிற்காமல், அரசின் வாகன் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

சிக்கலே செகண்ட் ஹேண்ட் வண்டியில்தான். என் மாமா அப்படி ஒன்று வாங்கினார். (எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.) ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கிறது, அவர் வண்டியை விற்றாச்சே, ஏன் கவலைப்படுவார்? மாமாவோ பிரேக் பிடிக்காத அந்த வண்டியில் ஈ.சி.ஆரில் தினமும் திண்டாடினார்.

நான் சேஸிஸ் நம்பர் பார்க்கப் போனேன். துரு மூடிக் கிடந்தது! ஆர்.சி. புத்தகத்தில் பார்த்து, கம்பெனி தளத்தில் அடித்தேன். ரீகாலில் இருந்தது. சர்வீஸ் சென்டரில் ஒரு மணி நேரத்தில் பாகத்தை மாற்றிவிட்டார்கள். ஜாப் கார்டு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"எவ்ளோடா ஆச்சு?" என்று மாமா பர்ஸை எடுத்தார்.

"ஒண்ணும் கிடையாது மாமா."

அவர் நம்பவில்லை. கவுன்டரில் போய் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.