கணக்கை மூடி வைக்காதீர்கள்



கடைவீதியில் ஒருவருக்குப் பண நெருக்கடி வந்துவிட்டதை நாம் எப்படி அறிகிறோம்? அவர் வாய்விட்டுச் சொல்லி அறிவதில்லை. வாரந்தோறும் மண்டிக்கு வந்தவர் கடைப் பையனை அனுப்புகிறார். பத்து மூட்டை எடுத்தவர் இரண்டு மூட்டை எடுக்கிறார். டீக்கடையில் நம்மைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். வியாபாரிக்குப் பணம் போனால் பாதி கஷ்டம்தான். 'நாணயம் போய்விட்டது' என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம் மீதிப் பாதி.

நம் காரைக்கால் வியாபாரம் இரண்டு தண்ணீரை நம்பியது. ஒன்று ஆற்றுத் தண்ணீர், மற்றது கடல் தண்ணீர். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. கடலிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மீனவர் தெருக் கடைகளில் பற்று ஏறும். அறுவடை தள்ளினால் கிராமத்துக் கடைகளில் பற்று ஏறும். சில்லரைக் கடையில் நிற்கும் பாக்கி நம் மண்டிப் பேரேட்டுக்கு வரும். அங்கிருந்து வெளியூர்க் கொள்முதல் கடைக்குப் போகும். ஆகவே ஒருவர் நெருக்கடி அவரோடு நிற்பதில்லை.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற கடலோர ஊர்கள் பட்ட பாட்டை நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் மண்டியில் பற்று வைத்திருந்த கடலோரக் கடைக்காரர் ஒருவருக்குக் கடையும் போயிற்று, சிட்டைப் புத்தகமும் போயிற்று. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு காகிதம் இல்லை. இரண்டு மாதம் அவர் நம் கண்ணில் படவில்லை. நாமும் அப்போது வெளியூர் மொத்தக் கடைக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருந்தோம்.

தூக்கமில்லாத சில இரவுகளுக்குப் பிறகு நாமே பஸ் ஏறிப் போய், பேரேட்டை அந்த முதலாளி முன் விரித்து வைத்தோம். அவர் வெகுநேரம் பார்த்தார். "பழைய பாக்கியைத் தவணையாகக் கொடுங்கள். புதுச் சரக்குக்கு ரொக்கம். வரவை மட்டும் நிறுத்தாதீர்கள்" என்றார். அதே ஏற்பாட்டை நாம் ஊர் திரும்பியதும் அந்தக் கடலோரக் கடைக்காரரைத் தேடிப் போய்ச் சொன்னோம். கடைசித் தவணையைக் கட்ட அவருக்கு மூன்று வருடம் ஆயிற்று. இன்றும் அவர் மகன் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. சில வருடங்கள் கழித்து வேறொரு கடைக்காரர் வருவதை நிறுத்தினார். நாம் நேரில் போகவில்லை. வசூல் பையனைத்தான் அனுப்பினோம், அதுவும் மூன்று தடவை. ஒருநாள் காலையில் கடை பூட்டிக் கிடந்தது, குடும்பமே ஊரில் இல்லை. தினவட்டிக்காரர்கள் நாலு பேரிடம் அவர் சிக்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. நமக்கு வர வேண்டியிருந்தது அதில் சிறு தொகை. உட்கார வைத்து, "என்னப்பா, என்ன விஷயம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பட்டறிந்ததை வைத்துச் சில வார்த்தைகள்.

முதலில், எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, என்ன ஈடு. வட்டியை ஆண்டுக் கணக்கில் பாருங்கள். 9,000 ரூபாய் கையில் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டினால் வட்டி ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல் போகும். எந்தச் சரக்கில் அந்த லாபம் கிடைக்கிறது? ஒரு தினவட்டியை அடைக்க இன்னொரு தினவட்டி வாங்குவது பள்ளத்தை மூடப் பக்கத்தில் பள்ளம் தோண்டுவதுதான்.

இரண்டாவது, தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பணமில்லாமல் திரும்பிய செக்குக்கு 138-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ உண்டு. நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்குக்கு இடமில்லை. அந்த நோட்டீஸை அலமாரியில் ஒளிக்க வேண்டாம்.

மூன்றாவது, வங்கித் தவணை தவறினால் 90 நாள் ஆகும்வரை காத்திருக்காதீர்கள். அதன்பின் அது வாராக்கடன் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்கு முன்பே மேலாளரிடம் கணக்கோடு போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். வழக்கு வந்துவிட்டாலும் லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்பட்ட சமரசத்தின் மேல் அப்பீலும் கிடையாது.

நான்காவது, வீட்டில் சொல்லுங்கள். நகையை அடகு வைக்கும்போது மட்டும் மனைவியைக் கேட்பது நியாயமில்லை. மனம் தாங்காத நிலை வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மனஸ் என்னும் அரசின் இலவச மனநலச் சேவை அது. 2022 முதல் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

இனி நம் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. தென் மாவட்டத்து நாடார் வணிகர்கள் அந்தக் காலத்திலேயே மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொது நிதி சேர்த்தார்கள். காமராஜர் படித்த விருதுநகர்ப் பள்ளிக்கூடம் அப்படிப்பட்ட பொதுப் பணத்தாலும், வீடுவீடாகத் திரட்டிய பிடி அரிசியாலும் வளர்ந்தது. 1921-ல் தூத்துக்குடியில் அவர்கள் தொடங்கிய நாடார் வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. மழை பெய்யும் காலத்தில் வெட்டிய குளம் அது.

நாமும் மூட்டைக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கினால் என்ன? தடைக்காலத்திலோ, புயலடித்த வாரத்திலோ ஒரு கடைக்காரர் தினவட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் சங்க வாசலுக்கு வரட்டும். அதற்கு முன்பாகக் காசு செலவில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. இந்த வாரம் மண்டிக்கு வராதவர் யார் என்று உங்கள் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். வசூல் பையனை அனுப்பாமல் நீங்களே போய்ப் பாருங்கள்.