ஒளிபரப்பு உரிமையும் துடுப்பாட்ட அட்டவணையும்

ஓர் ஆட்டம் எந்நாளில், எந்நேரத்தில் தொடங்கவேண்டும் என்பதை முற்காலத்திற் பருவநிலையும் பகலொளியும் மக்களின் ஓய்வுநாளுமே தீர்மானித்தன. இன்று இம்மூன்றையும் பின்தள்ளித் தொலைக்காட்சி ஒப்பந்தம் முன்வந்து நிற்கின்றது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறியத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. கிராண்ட்பாஸை அடுத்த மாளிகாவத்தையில், 1986 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆர். பிரேமதாச விளையாட்டரங்கே, அதாவது மக்கள் வழக்கிற் கெத்தாராம அரங்கே, தக்க சான்றாகும்.

ஒளிபரப்பு நிறுவனம் ஆட்டத்தை விலைக்கு வாங்குகின்றது என்பர். உண்மையில் அது வாங்குவது நேரத்தையே. மக்கள் வேலை முடிந்து வீட்டிலிருக்கும் மாலைப்பொழுதில் விளம்பரத்தின் விலை உயரும். இரண்டு ஆட்டங்கள் ஒரே வேளையில் நடைபெறின் ஒன்றின் பார்வையாளரை மற்றொன்று கவர்ந்துகொள்ளும். ஆகவே ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இயன்றவரை மாலையிற் பரப்பிவைப்பதே நிறுவனத்துக்கு ஆதாயம். 1975 இல் நடைபெற்ற முதலாவது உலகக் கிண்ணத்தின் 15 ஆட்டங்களும் ஐந்தே ஆட்டநாள்களில் முடிவுற்றன. முதற்சுற்றில் ஒரே நாளில் நான்கு ஆட்டங்கள் நடைபெற்றன. 2023 ஆம் ஆண்டுக் கிண்ணத்திலோ 48 ஆட்டங்கள் 46 நாள்களுக்கு நீண்டன.

இம்மாற்றத்துக்கு வித்திட்டவர் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெரி பாக்கர் எனலாம். தனியுரிமை கேட்டு 1976 இல் மறுக்கப்பட்ட அவர், மறு ஆண்டே முன்னணி வீரர் பலரைத் தாமே திரட்டி, மின்னொளியில் இரவாட்டங்களை நடத்தினார். வெண்பந்தும் வண்ண உடையும் அவ்விரவுகளின் பேறாகவே நிலைபெற்றன. பிற விளையாட்டுகளும் தப்பவில்லை. பதின்மூவர் ஆடும் றக்பி லீக் ஆட்டம் இங்கிலாந்தில் 1895 முதல் குளிர்காலத்துக்குரியதாயிருந்தது. மேடொக்கின் நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு 8 கோடியே 70 இலட்சம் பவுண் தர இசைந்தபின், 1996 இல் அது கோடைகால ஆட்டமாயிற்று. நூறாண்டுப் பருவ வழக்கொன்று ஒரே ஒப்பந்தத்தால் மாறியமை சிந்தித்தற்குரியது.

இலங்கையில் ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, தமிழ் யூனியன் கழகத்துக்குரிய சரவணமுத்து அரங்கில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. இரண்டும் ஏறத்தாழ உடன்பிறந்தவை. எனினும் இலங்கையின் சிறிய சந்தை பெருந்தொகை தரவல்லதன்று. பணம் இந்தியாவிலிருந்தே வருகின்றது. இந்தியப் பிரீமியர் லீக்கின் 2023 முதல் 2027 வரையான 410 ஆட்டங்களுக்குரிய உரிமை 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோனது. ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ 118 கோடி. அதனாலேயே ஏனைய நாடுகள் ஏப்பிரல், மே மாதங்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. 2006 முதல் இலங்கைக் கடிகாரமும் இந்தியக் கடிகாரமும் ஒன்றே காட்டுவதால், இந்தியரின் மாலை கெத்தாராமவின் மாலையாகவும் அமைந்துவிடுகின்றது.

ஆனால் மழை கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதன்று. ஒற்றோபர், நவம்பர் மாதங்கள் கொழும்புக்கு இடைப்பருவக்காற்றுக் காலம். காலை வெயிலிற் சூடேறிய நிலத்தின் ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடியுடன் மழையாகப் பொழியும். பாடசாலைப் புவியியல் கற்ற மாணவன் இதனை மேற்காவுகை மழையென அறிவான். அவ்வாறிருக்க, 2025 ஆம் ஆண்டு மகளிர் உலகக் கிண்ணத்தின் கெத்தாராம ஆட்டங்கள் பிற்பகல் 3 மணிக்கே தொடங்குமாறு வகுக்கப்பட்டன. விளைவு, 11 ஆட்டங்களில் ஐந்து முடிவின்றிக் கைவிடப்பட்டன. அவற்றுள் மூன்று இலங்கை அணிக்குரியவை. பொதுவிடம் என்ற உடன்பாட்டின்படி எல்லா ஆட்டங்களையும் கொழும்பில் ஆடிய பாக்கிஸ்தான் மகளிர், பலம்மிக்க இங்கிலாந்தை 31 ஓவர்களில் 9 விக்கெட்டுக்கு 133 ஓட்டங்களுடன் நிறுத்தினர். பின்னர் விக்கெட் இழப்பின்றி 34 ஓட்டங்கள் பெற்றிருந்த வேளை மழை வந்தது. அவ்வணி அத்தொடரில் ஒரு வெற்றியும் காணாமலே திரும்பியது. காலையில் தொடங்கியிருக்கலாமே என வீராங்கனைகளே கேட்டனர். காலை ஆட்டம் இயலாததன்று. ஒற்றோபர் 26 இல் விசாகப்பட்டினத்தில் ஓர் ஆட்டம் முற்பகல் 11 மணிக்குத் தொடங்கிற்று. ஆனால் அங்கு காரணம் மழையன்று. அன்று பிற்பகல் 3 மணியை இந்திய அணியின் ஆட்டம் பெற்றிருந்தது.

2023 செத்தெம்பர் ஆசியக் கிண்ணம் இதனினும் தெளிவானது. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, இறுதிக்கு முந்திய சுற்றில் இந்திய–பாக்கிஸ்தான் ஆட்டத்துக்கு மட்டும் மழைக்கென மேலதிக நாளொன்று சேர்க்கப்பட்டது. நான்கு நாடுகளின் சபைகளும் இசைந்தன என்பது மெய்யே. ஆயினும் அதே அரங்கில், அதே மழையின்கீழ் ஆடிய இலங்கைக்கும் பங்களாதேஷுக்கும் அந்நாள் வழங்கப்படவில்லை. ஆட்டத்தின் நியாயம் அணிக்கணி வேறுபடுமாயின், அதனைப் போட்டியென்பது எங்ஙனம்? சந்தை நோக்கில் மட்டுமே இவ்வேறுபாட்டுக்குப் பொருளுண்டு. அவ்விரு அணிகளும் மோதும் ஆட்டமே தொடரின் விலையிற் பெரும்பகுதியைத் தாங்குவது. 10 ஆந் திகதி மழையால் நின்ற ஆட்டம் 11 ஆந் திகதி முடிந்தது. மறுநாளே இந்திய வீரர் இலங்கையை எதிர்கொண்டனர். நெடுநாள் ஆட்டங்களுக்குப் பழகியோர்க்கும் மூன்று நாள் தொடர்ந்து ஒருநாட் போட்டி ஆடுவது அரிது.

அத்தொடரின் இறுதியாட்டம் 17 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அதே அரங்கில் நடைபெற்றது. நூறு ஓவர்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒளிபரப்பு நேரம் அது. இலங்கை 50 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. சிராஜ் 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். 129 பந்துகளில் யாவும் முடிந்துவிட்டன.