இணையமும் மின்னஞ்சலும் வேலை செய்யாதபோது: வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

மீள்குடியேறிய வளவில் முதலில் கூரை, கிணறு, மலசலகூடம், மின்சாரம் என்று பார்க்கிறோம். இணையத்தைப் பற்றி அதன் பின்னர்தான் யோசிக்கிறோம். ஆனால் இன்று பல காரியங்கள் அதன் வழியாகவே நடக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை உங்கள் பிள்ளை இணையவழியாகவே அனுப்ப வேண்டும். பரீட்சைப் பெறுபேறுகளும் இணையத்தில் வெளியாகின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் ஓர் ஆவணத்தின் படத்தைக் கேட்டால் அதை மின்னஞ்சலில்தான் அனுப்புகிறீர்கள்.

படுவான்கரையில் இருந்து மட்டக்களப்பு நகருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அந்த இடத்தில் வாவியைப் பாதையில்தான் கடந்தோம். இப்போது பாலம் இருக்கிறது. ஆனாலும் ரவுட்டரின் பிளக் கழன்று கிடந்ததற்காக ஒரு நாள் கூலியை இழக்கத் தேவையில்லை. ஆகவே நகருக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவற்றை இங்கு வரிசைப்படுத்தித் தருகிறோம்.

இதில் இரண்டு விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இணையம் தடைப்பட்டால் எந்த இடத்தில் தடைப்பட்டது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. மற்றது, மின்னஞ்சலின் திறப்பு உங்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

1. தடை எங்கே இருக்கிறது?

உங்கள் வீட்டில் இருந்து ஒரு கடிதம் நகருக்குப் போவதாக எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசல், ஒழுங்கை, பிரதான வீதி, பாலம், நகரத்து அலுவலகம் என்று அது பல இடங்களைத் தாண்ட வேண்டும். எங்கே தடைப்பட்டாலும் கடிதம் போகாது. இணையமும் அப்படித்தான். உங்கள் தொலைபேசி, ரவுட்டர், கோபுரம் அல்லது கம்பி, சேவை நிறுவனம், நீங்கள் திறக்கும் இணையத்தளம் என்பவற்றை அது தாண்டிப் போகிறது.

பின்வரும் மூன்று கேள்விகளுக்கு விடை பாருங்கள்.

- ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா, எல்லாத் தளங்களுமா? தொடர்பில்லாத இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று திறந்தால் உங்கள் இணைப்பு நன்றாக இருக்கிறது. திறக்காத தளத்தில்தான் பிரச்சினை. காத்திருந்து மீண்டும் முயலுங்கள். பெறுபேறு வெளியாகும் நாட்களில் இது வழமை.
- ஒரு தொலைபேசியில் மட்டும் வரவில்லையா, வீட்டில் உள்ள எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தொலைபேசியைப் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் ரவுட்டரையும் அதற்கு அப்பால் உள்ளதையும் பாருங்கள்.
- அயல் வீட்டில் அதே நிறுவனத்தின் இணைப்பு வேலை செய்கிறதா? அங்கும் இல்லை என்றால் கோபுரத்தில் அல்லது நிறுவனத்தில் தடை இருக்கலாம். ரவுட்டரில் கை வைக்காமல் காத்திருங்கள்.

வை-பை அடையாளம் தெரிவதால் இணையம் வருகிறது என்று எண்ண வேண்டாம். அந்த அடையாளம் தொலைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகிறது. அதாவது வாசலில் இருந்து ஒழுங்கை வரை வழி திறந்திருக்கிறது. பாலம் திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

2. மின்சாரமும் ரவுட்டரும்

ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பிளக், சுவிட்ச், வயர் ஆகியவற்றைச் சோதியுங்கள். அதே பிளக் துளையில் வேறொரு மின்விளக்கைப் போட்டுப் பார்த்தால் பழுது எங்கே என்று தெரியும். ரவுட்டருடன் தந்த மின்மாற்றிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த வேறொன்றைச் செருக வேண்டாம். வோல்ற்றளவு மாறினால் ரவுட்டர் எரிந்துவிடும்.

விளக்குகள் எரிந்தும் இணையம் வரவில்லை என்றால் ரவுட்டரை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். அது முழுமையாக இயங்க மூன்று, நான்கு நிமிடங்கள் எடுக்கும். அதற்குள் திரும்பத் திரும்ப நிறுத்திப் போட வேண்டாம்.

பின்புறத்தில் ஊசியால் அழுத்தும் சிறு துளை ஒன்று இருக்கும். அதை அழுத்த வேண்டாம். அது நிறுவனம் செய்து தந்த அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடும். அவற்றை மீண்டும் செய்ய ஆள் தேட வேண்டி வரும்.

எமது பகுதியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஏப்ரல் மாதத்திலும் இடிமின்னல் அதிகம். இடி முழங்கத் தொடங்கும் முன் ரவுட்டரின் மின் பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வையுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

3. பணமும் டேட்டாவும்

பழுது என்று நினைக்கும் பல நேரங்களில் முடிந்திருப்பது டேட்டாதான். பல பெக்கேஜ்களில் டேட்டா பகலுக்கு ஒரு பங்கு, நள்ளிரவுக்குப் பின் ஒரு பங்கு என்று பிரிக்கப்பட்டுள்ளது. பகல் பங்கு முடிந்தால், இரவுப் பங்கு மீதம் இருந்தாலும் பகலில் இணையம் நின்றுவிடும் அல்லது மிகவும் மெதுவாகும். உங்கள் நிறுவனத்தின் செயலியில் அல்லது குறுஞ்செய்தியில் மீதியைப் பாருங்கள். ரீலோட் செய்த பணம் இருந்தாலும் பெக்கேஜின் நாட்கள் முடிந்திருக்கலாம். அதையும் பாருங்கள்.

தொலைபேசி தானாகவே படங்களை ஏற்றுவதும் செயலிகளைப் புதுப்பிப்பதும் டேட்டாவைத் தின்றுவிடும். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய வாரத்தில் இவற்றை நிறுத்தி வையுங்கள்.

4. சிக்னல்

சிம் அட்டை போடும் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதை வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். தகரக் கூரையும் கொங்கிறீட் சுவரும் சிக்னலைத் தடுக்கும். வாவியும் வயல்வெளியும் சமதரையாக இருப்பதால் திறந்த பக்கத்தில் சிக்னல் நன்றாக வரும். கோபுரம் இருக்கும் திசையில் உள்ள யன்னல் ஓரத்தில், நெஞ்சளவு உயரத்தில் ரவுட்டரை வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், அலுமாரிக்குள், நிலத்தில் வைக்க வேண்டாம். யன்னலால் மழைச்சாரல் அடிக்காத இடமாகப் பாருங்கள்.

ஓர் இடத்தில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு இடங்களில் பார்த்தால் எது நல்ல இடம் என்று தெரிந்துவிடும்.

முகாமில் அல்லது உறவினர் வீட்டில் இருந்தபோது வேலை செய்த ரவுட்டர் புதிய வீட்டில் வேலை செய்யாமல் போகலாம். சில வீட்டு இணைப்புகள் பதிவு செய்த இடத்தில் மட்டும் இயங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. அப்படியானால் அது பழுது அல்ல. நிறுவனத்துக்கு அறிவித்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

5. கம்பி வழி இணைப்பு

தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் பெறுபவர்கள் முதலில் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேளுங்கள். கறகறவென்று இரைச்சல் கேட்டால் கம்பி இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம் அல்லது உப்புக்காற்றால் களிம்பு பிடித்திருக்கலாம். மழை பெய்யும்போது இணையம் அறுந்து, வெயில் வந்ததும் சரியானால் இதுவே காரணம். வீட்டுக்குள் உள்ள இணைப்புகளைத் துடைத்து இறுக்கிப் பாருங்கள். கம்பத்தில் உள்ளதை நிறுவனத்தின் ஊழியரே திருத்த வேண்டும். நீங்கள் ஏற வேண்டாம்.

6. மின்னஞ்சலை உங்கள் பெயரில், உங்கள் இலக்கத்தில் திறவுங்கள்

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளை உயர்தரம் சித்தியடைந்துவிட்டார். விண்ணப்பத்துக்காகக் கொமினிகேஷனில் மின்னஞ்சல் திறந்தார்கள். கையில் தொலைபேசி இல்லாததால் கடைக்காரத் தம்பியின் இலக்கத்தைக் கொடுத்தார்கள். கடவுச்சொல்லையும் அவரே போட்டார். சில மாதங்களில் அந்தத் தம்பி வெளிநாடு போய்விட்டார். அனுமதி பற்றிய அறிவித்தல் மின்னஞ்சலுக்கு வந்து கிடக்கிறது. திறக்க முடியவில்லை. இரகசிய இலக்கமோ யாரிடமும் இல்லாத ஒரு தொலைபேசிக்குப் போகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் பிள்ளையின் இடம் கைநழுவிப் போகலாம்.

இதைத் தவிர்க்க:

- குடும்பத்தில் ஒருவரின் பெயரில் பதிவு செய்த சிம் இலக்கத்தையே கொடுங்கள். நீண்ட காலம் ரீலோட் செய்யாத இலக்கத்தை நிறுவனம் துண்டித்துப் பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கக்கூடும். ஆகவே அந்த இலக்கத்தை உயிருடன் வைத்திருங்கள்.
- மீட்பு மின்னஞ்சல் என்று கேட்கும் இடத்தில் நம்பிக்கையான உறவினர் ஒருவரின் முகவரியைப் போடுங்கள்.
- பெயரைத் தேசிய அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்களின்படியே பதியுங்கள். ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தால் அந்த வேறுபாட்டைக் குறித்து வையுங்கள்.
- கடவுச்சொல்லை நீங்களே அமையுங்கள். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.
- கடைக் கணினியில் திறந்தால் வேலை முடிந்ததும் வெளியேறிவிட்டு எழும்புங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள்.

ஏற்கெனவே வேறொருவரின் இலக்கத்தில் திறந்திருந்தால், கணக்கு இன்னும் திறக்கக்கூடியதாக இருக்கும்போதே கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று இலக்கத்தை மாற்றுங்கள். பூட்டப்பட்ட பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

7. மின்னஞ்சலில் அடிக்கடி வரும் பிரச்சினைகள்

*கடவுச்சொல் பிழை என்று வருகிறது.* தொலைபேசி முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றியிருக்கலாம். கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்திருக்கலாம். கடவுச்சொல்லைக் காட்டும் கண் அடையாளத்தை அழுத்திப் பார்த்து அடியுங்கள். பல தடவை பிழையாக அடித்தால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படும். மூன்று தடவையோடு நிறுத்தி, மறந்துவிட்டேன் என்ற வழியில் செல்லுங்கள்.

*கடவுச்சொல் சரி, ஆனால் தொலைபேசியில் உள்ள மின்னஞ்சல் செயலி ஏற்கவில்லை.* பழைய செயலிகளில் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. ஜிமெயிலின் சொந்தச் செயலியில் அல்லது உலாவியில் திறந்து பாருங்கள்.

*பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று எச்சரிக்கை வருகிறது.* தொலைபேசியின் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். பற்றரி இறங்கிப் பல நாள் கிடந்த தொலைபேசியில் திகதி பின்னோக்கிப் போயிருக்கும். அதைச் சரிசெய்தால் பல தடவைகளில் எச்சரிக்கை போய்விடும். திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம்.

*அனுப்பியது திரும்பி வருகிறது.* முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பாருங்கள்.

*வர வேண்டியது வரவில்லை.* ஸ்பாம் பகுதியைப் பாருங்கள். ஜிமெயிலில் அங்கு விழுந்தவை 30 நாட்களில் தாமாக அழிந்துவிடும். ஆகவே வாரம் ஒரு தடவையாவது பாருங்கள். பெட்டி நிறைந்திருந்தாலும் கடிதம் வராது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட் இடம். அதைக் கடிதங்களும் சேமித்த படங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

*ஆவணப் படம் போகவில்லை.* ஜிமெயிலில் ஒரு கடிதத்துடன் 25 மெகாபைட் வரையே இணைக்கலாம். படங்களை இரண்டு, மூன்று கடிதங்களாகப் பிரித்து அனுப்புங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் அதிகாலையில் முயலுங்கள்.

இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கணக்கைக் கூகுள் அழிக்கக்கூடும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

8. மீண்டும் இடம்பெயர நேர்ந்தால்

1978 சூறாவளி, 2004 சுனாமி, 2006, 2007 இடப்பெயர்வு, 2011 வெள்ளம் எனப் பல தடவைகள் எமது மக்கள் ஆவணங்களை இழந்திருக்கிறார்கள். வீடு மாறினாலும் மாறாத ஒரு முகவரி மின்னஞ்சல். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து உங்கள் முகவரிக்கு நீங்களே அனுப்பி வையுங்கள். மூலப்பத்திரம் நனைந்து போனாலும் இலக்கங்கள் கையில் இருந்தால் பிரதி எடுப்பது இலகு.

இரண்டு படிநிலைப் பாதுகாப்பை இயக்கினால் கூகுள் பத்துக் காப்பு இலக்கங்களைத் தரும். தொலைபேசி தொலைந்தாலும் அவற்றைக் கொண்டு கணக்கைத் திறக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி, அடையாள அட்டையுடன் பொலித்தீன் உறையில் வையுங்கள்.

9. உதவி கேட்கும்போது

எல்லாவற்றையும் பார்த்தும் சரிவரவில்லை என்றால் நிறுவனத்தை அழையுங்கள். அழைக்கும் முன் இணைப்பு இலக்கம், பிரச்சினை தொடங்கிய நாளும் நேரமும், எரியும் விளக்குகள், நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவை ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் பேச வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

நிறுவனம் தீர்க்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அரச சேவைகள் பற்றிய விபரங்களை 1919 என்ற அரச தகவல் நிலையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

யார் கேட்டாலும், எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும், கடவுச்சொல்லையும் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் சொல்ல வேண்டாம். எமது களப் பணியாளர்களும் அவற்றைக் கேட்க மாட்டார்கள்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மின்னஞ்சலைத் திறந்து, அதில் எந்தத் தொலைபேசி இலக்கம் பதியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் வீட்டு இலக்கம் இல்லை என்றால் இன்றே மாற்றிவிடுங்கள்.