விலை குறைந்த டீயை ஏன் கடலில் கொட்டினார்கள்?

போன எபிசோடில் பாஸ்டன் டீ பார்ட்டி பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருந்தது: "பிரிட்டிஷ்காரங்க டீக்கு வரியை ஏத்தினாங்க, அமெரிக்காக்காரங்க கடுப்பாகி டீயைத் தூக்கிக் கடல்ல போட்டாங்க, அதானே கதை?"

கடலில் போட்டது உண்மை. ஆனா 1773ல் லண்டன் நாடாளுமன்றம் போட்ட தேயிலைச் சட்டத்தால் அமெரிக்காவில் டீ விலை குறையத்தான் இருந்தது. விலை குறைஞ்ச டீயைத்தான் கொட்டினாங்க. ஏன்? இன்னைக்கு முழுக்க இந்தக் கேள்விதான்.

பத்து வருஷம் பின்னாடி போவோம். 1763ல் பிரான்ஸுடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரிட்டன் ஜெயித்தது, கனடாவும் கைக்கு வந்தது. கூடவே, கடன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி 13 கோடி பவுண்டை ஒட்டி நின்றது. அமெரிக்காவில் சுமார் 10,000 சிப்பாய்களை நிறுத்திவைக்கவும் முடிவெடுத்திருந்தார்கள். லண்டன் கேட்டது நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும்: உங்களைக் காப்பாத்தத்தானே இவ்வளவு செலவு, அதில் ஒரு பங்கை நீங்க குடுக்கக் கூடாதா? இங்கிலாந்தில் இருந்தவர்கள் தலைக்குக் கட்டிய வரி, காலனிக்காரர்கள் கட்டியதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துக்கோங்க.

முதலில் வந்தது 1764ன் சர்க்கரைச் சட்டம். இதுவும் ஒரு வரிக் குறைப்பு, கவனிங்க. வெளிநாட்டு மொலாசஸுக்குப் பழைய வரி காலனுக்கு 6 பென்ஸ். ரம் காய்ச்ச மொலாசஸ் வேண்டும், நியூ இங்கிலாந்து பக்கம் ரம் பெரிய தொழில். ஆறு பென்ஸை ஒழுங்காகக் கட்டியவர்கள் குறைவு. கடத்தல்தான், சுங்க அதிகாரி கையில் கொஞ்சம் திணிச்சா கப்பல் உள்ளே வந்துவிடும். புதுச் சட்டம் வரியை 3 பென்ஸ் ஆக்கியது, ஆனால் இந்த முறை நிஜமாகவே வசூலிப்போம் என்றது. பிடிபட்ட வழக்கைத் தூரத்தில் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் கடற்படை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே ஜூரி கிடையாது, நீதிபதி ஒருத்தர்தான் முடிவு செய்வார். சரக்கு சட்டப்படி வந்ததுதான் என்று நிரூபிக்க வேண்டியது சரக்கின் சொந்தக்காரர். காகிதத்தில் வரி பாதியானது, கையைவிட்டுப் போனது உள்ளூர் ஜூரி. இந்த வடிவம் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1765ல் ஸ்டாம்ப் சட்டம். தபால் தலை இல்லைங்க, நம்ம ஊர் முத்திரைத்தாள் மாதிரி. கோர்ட் பத்திரம், லைசென்ஸ், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வேண்டும். ஒரு சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடி தாயக்கட்டைக்கு 10 ஷில்லிங். இங்கிலாந்தில் 1694லிருந்தே இப்படி ஒரு வரி இருந்ததால் லண்டனுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. என் கணக்கில் இதைவிட மோசமாக எதிரியைத் தேர்ந்தெடுக்க முடியாது. வக்கீல், பத்திரிகை அச்சடிக்கிறவர், மதுக்கடை நடத்துகிறவர் என்று ஊரில் அதிகம் பேசுகிற மூணு பேரையும் ஒரே சட்டத்தில் சீண்டிவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் பாஸ்டனில் ஸ்டாம்ப் விநியோகிக்க வேண்டிய ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள், அவர் பதவியே வேண்டாம் என்றார். நவம்பர் 1 சட்டம் அமலுக்கு வரும்போது அதை நடத்த ஆளே இல்லாத நிலை.

"பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற வாதம் சூடுபிடித்தது இப்போதுதான். லண்டன் சொன்ன பதில்: மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் எம்.பி. இல்லை, அவங்க வரி கட்டலையா? நாடாளுமன்றத்தில் இருக்கிற ஒவ்வொரு எம்.பி.யும் பேரரசு முழுக்கவும்தான் பிரதிநிதி. யாருமே வாழாத ஓல்ட் சாரம் என்ற மேட்டுக்கு ரெண்டு எம்.பி. இருந்த காலம் அது. அப்போ அவங்களுக்கும் சீட் குடுங்க என்று பாஸ்டன் வக்கீல் ஜேம்ஸ் ஓடிஸ் திருப்பிக் கேட்டார்.

இங்கே ஒன்று தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. காலனிகள் லண்டனில் சீட் கேட்டுப் போராடவில்லை. 1765 அக்டோபரில் ஒன்பது காலனிகளின் ஆட்கள் நியூயார்க்கில் கூடினார்கள். இவ்வளவு தூரத்தில் இருக்கும் எங்களால் லண்டன் சபையில் பிரதிநிதித்துவம் பெறவே முடியாது என்று அவர்களே தீர்மானத்தில் எழுதினார்கள். பத்து சீட் குடுத்தா எல்லா ஓட்டெடுப்பிலும் தோற்போம், பிறகு சட்டம் செல்லாதுன்னு சொல்லவும் வாய் இருக்காது. அவர்கள் கேட்டது, எங்களுக்கு வரி போட எங்கள் ஊர் சபைக்கு மட்டும்தான் உரிமை என்பது. வர்ஜினியாவில் அப்படி ஒரு சபை 1619லிருந்தே இருந்தது.

1766ல் ஸ்டாம்ப் சட்டம் ரத்தானது. கொண்டாட்டம், வாணவேடிக்கை எல்லாம் நடந்தது. அதே சமயம் லண்டன் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது: காலனிகள் மீது எந்த விஷயத்திலும் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு முழு உரிமை உண்டு. பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு, அக்கவுன்ட் பாஸ்வேர்டை மட்டும் நானே வெச்சுக்கிறேன்னு சொல்ற மாதிரி.

அந்தப் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியவர் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட். 1767ல் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், டீ மேல் வரி. எனக்கு இந்தக் கதையின் நடுநரம்பு இதுதான். வரியைவிட, வசூலான பணம் எதற்குப் போகும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்ததுதான் விஷயம்: காலனிகளின் ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம்.

அதுவரை மாசசூசெட்ஸ் மாதிரி இடத்தில் ஆளுநரை ராஜா நியமிப்பார், சம்பளத்தை உள்ளூர் சபை ஓட்டுப்போட்டுக் குடுக்கும். ஆளுநர் ரொம்ப ஆடினால் சபை பட்ஜெட்டை இழுத்தடிக்கும், அவரும் இறங்கி வருவார். சபையிடம் இருந்த பெரிய பிடி அதுதான். ராணுவம் கிடையாது, ஆளுநரை நீக்கும் அதிகாரமும் கிடையாது. சுங்க வரியிலிருந்து சம்பளம் போக ஆரம்பித்தால் அந்தச் சபை எதற்கு? 1772ல் இது மாசசூசெட்ஸில் நிஜமானது. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனுக்கும் உயர் நீதிபதிகளுக்கும் இனி ராஜாவே சம்பளம் தருவார் என்றார்கள். டீ குடிக்கிற ஒவ்வொருத்தரும், தங்கள் சபையைச் செல்லாக்காசாக்கத் தாங்களே காசு குடுக்கிற நிலை.

நடுவில் 1770 மார்ச் 5, பாஸ்டனில் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அதே வருஷம் டவுன்ஷெண்ட் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு டீக்கு மட்டும் பவுண்டுக்கு 3 பென்ஸ் வைத்தார்கள். வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டத்தான்.

இப்போ 1773க்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகும் நிலை. 1770ல் வங்காளம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோதும் அங்கே வரி வசூலை விடாத அதே கம்பெனிதான். லண்டன் கிடங்கில் 1.7 கோடி பவுண்டு எடை டீ விற்காமல் கிடந்தது. சீன டீங்க, அசாம் டீயெல்லாம் அடுத்த நூற்றாண்டு. கம்பெனியைக் காப்பாற்ற, லண்டனில் கட்டும் வரியைத் திருப்பிக் குடுத்து, அமெரிக்காவில் நேரடியாகத் தங்கள் ஏஜென்ட் மூலம் விற்க அனுமதித்தார்கள். டச்சுக் கடத்தல் டீயைவிடவே இது மலிவாக இருக்கும் என்று கணக்கு. ஆனா அந்த 3 பென்ஸ் அப்படியே இருக்கும். மலிவா இருக்கேன்னு வாங்கினா, வரியை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்.

கடத்தல் வியாபாரிகளுக்கு இதில் சொந்த நஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம். பாஸ்டன் ஏஜென்ட்களில் ஆளுநர் ஹட்சின்சனின் இரண்டு மகன்கள் இருந்ததும் எரிகிற தீயில் எண்ணெய். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன், ஆசியாவில் இந்தக் கம்பெனி செய்ததைப் பாருங்கள், அடுத்தது நாம்தான் என்று எழுதினார். வங்காளச் செய்தி அங்கே வரைக்கும் போயிருந்தது.

நியூயார்க், பிலடெல்பியாவுக்குப் போன டீக் கப்பல்கள் இறக்காமலே திரும்பின. பாஸ்டனில் ஹட்சின்சன் விடவில்லை. வந்து 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யும். முதலில் வந்த டார்ட்மவுத் கப்பலுக்குக் கெடு முடிவதற்கு முந்தின ராத்திரி, டிசம்பர் 16, மூணு கப்பலிலும் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள்.

1774ல் லண்டன் பாஸ்டன் துறைமுகத்தையே மூடி, மாசசூசெட்ஸின் சாசனத்தை மாற்றி, ஆளுநர் அனுமதியில்லாமல் ஊர்க்கூட்டம் வருஷத்துக்கு ஒன்றுதான் என்றது. இது நாளைக்கு நமக்கும் நடக்கும் என்று மற்ற காலனிகளுக்குப் புரிந்த இடம் அது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. அப்போதும் பலர் ராஜா தலையிட்டுச் சரிசெய்வார் என்று நம்பினார்கள். 1776 ஜூலையில் வந்த சுதந்திரப் பிரகடனத்தில் 27 புகார்கள். அதில் வரி பற்றி ஒன்றே ஒன்றுதான். கலைக்கப்பட்ட சபைகள், ராஜா சம்பளத்தில் இருக்கும் நீதிபதிகள், ஜூரி இல்லாத விசாரணை எல்லாம் தனித்தனிப் புகார்களாக இருக்கின்றன.

இவ்வளவு பேசியவர்கள் நாட்டில் ஐந்தில் ஒருவர் கறுப்பர், பெரும்பாலும் அடிமைகள். 1775 நவம்பரில் வர்ஜினியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் எங்கள் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். தெற்குப் பண்ணையார்கள் பலர் சுதந்திரத்தின் பக்கம் சாய அதுவும் ஒரு காரணம். அதைத் தனி எபிசோடாகவே செய்யணும்.

ஜெயித்த பிறகு? 1791ல் புது அமெரிக்க அரசு விஸ்கிக்கு வரி போட்டது. காரணம் என்ன தெரியுமா, போர்க்கடன். மேற்கு பென்சில்வேனியா விவசாயிகள் வரி அதிகாரிகளைத் தார் பூசி விரட்டினார்கள். 1794ல் ஜனாதிபதி வாஷிங்டனே சுமார் 13,000 பேர் படையோடு கிளம்பினார்.

அவர் பெயரில் இருக்கும் தலைநகர் வாஷிங்டன் டி.சி. மக்கள் இன்றும் மத்திய வரி கட்டுகிறார்கள், காங்கிரஸில் ஓட்டுப்போடும் உரிமையுள்ள உறுப்பினர் அவர்களுக்குக் கிடையாது. 2000லிருந்து அவர்களின் கார் நம்பர் பிளேட்டில் அந்தப் பழைய வரிப் புகாரைத்தான் அச்சடித்து ஓட்டுகிறார்கள்.