அன்பியம் என்றால் என்ன?



சில சாயங்காலங்களில் ஒரு வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து ஜோடி செருப்பு கிடக்கும். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும். யாரையாவது விசாரித்தால் "இன்னைக்கு அவங்க வீட்ல அன்பியம்" என்பார்கள். "அப்படின்னா என்ன? ஜெபக்கூட்டமா? மகளிர் குழுவா? சீட்டு கட்டுறாங்களா?" என்று என்னைப் பல பேர் கேட்டுவிட்டார்கள். சீட்டு இல்லை நண்பர்களே! அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கத்தோலிக்கர்களிடம் ஒரு கோவிலைச் சேர்ந்த பகுதிக்குப் 'பங்கு' என்று பெயர். பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். நம் பகுதி செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் வருகிறது. அது 2002-இல் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்து உருவானது. ஒரு பங்கில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்கு வருவார்கள், போவார்கள். பக்கத்தில் முழந்தாள்படியிட்டவருக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பக்கம் பக்கமாக இருக்கும் இருபது முப்பது வீடுகளைச் சேர்த்து ஒரு சின்னக் குழுவாக்கினார்கள். அதுதான் அன்பியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயர் இருக்கும். மாதம் ஒரு முறையோ இரண்டு முறையோ யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள்.

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் நம் ஊரில் வெட்டிய கல்வெட்டுகளில் ஊரை 30 குடும்புகளாகப் பிரித்த கதை வருகிறதல்லவா? ஒவ்வொரு குடும்பிலும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெரிய ஊரைச் சின்னதாகப் பிரித்தால்தான் காரியம் நடக்கும் என்பது அங்கேயும் இருக்கிறது, அன்பியத்திலும் இருக்கிறது. ஆனால் குடத்துக்குள் பெயர் விழ வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அன்பியத்தில் பேசுவதற்கு இதில் ஒன்றும் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயாதான் எங்கள் அன்பியத்தில் அதிகம் பேசுகிறவர். இது எப்படி நடக்கிறது என்பதுதான் விஷயமே.

முன்பெல்லாம் அப்படி இல்லை. இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'. அது நற்செய்தி நூல் அல்ல. ஞானோபதேசம், அதாவது மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம். தமிழில் முழுப் புதிய ஏற்பாடு அச்சில் வர 1715 ஆயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் அச்சிட்டார். அவர் புராட்டஸ்டண்டு. கத்தோலிக்கர்களுக்கு 1960-கள் வரை பூசையே லத்தீனில்தான். சாமியார் வாசிப்பார், சாமியாரே அர்த்தம் சொல்வார், ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ஓர் ஏட்டில், வேதாகமம் எல்லா விசுவாசிகள் கைக்கும் எட்ட வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சேர்ந்து மொழிபெயர்த்த 'திருவிவிலியம்' 1995-இல் வந்தது.

சரி, புத்தகம் கைக்கு வந்துவிட்டது. படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்?

இதற்கு ஒரு வழி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே நிறவெறி ஆட்சி நடந்த காலம். கிராமங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம், குருக்களோ குறைவு. லும்கோ என்ற பயிற்சி நிலையத்தில் இருந்த லோபிங்கர், ஹிர்மர் என்ற இரண்டு ஜெர்மன் குருக்கள் 1970-களில் 'ஏழு படி' முறையை உருவாக்கினார்கள். பிற்பாடு இருவரும் ஆயர்களானார்கள். குரு இல்லாமலே, படித்தவர் ஒருவர் மட்டும் இருந்தால்கூட ஒரு குழு நற்செய்தியைத் தியானிக்கலாம் என்பது அதன் அடிப்படை. ஆசிய ஆயர்கள் 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடியபோது, திருச்சபை சின்னச் சின்னக் குழுக்களின் கூட்டாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆசியா முழுவதும் இந்த முறை வேகமாகப் பரவியது.

ஏழு படியையும் சொல்லிவிடுகிறேன். முதல் படி, மெழுகுவர்த்தி ஏற்றி ஆண்டவரை வரவேற்று ஒரு சின்ன ஜெபம். இரண்டாவது, நற்செய்திப் பகுதியை ஒருவர் சத்தமாக, நிறுத்தி வாசிப்பது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கேட்ட பகுதியில் மனசில் ஒட்டிக்கொண்ட ஒரு வார்த்தையை அவரவர் மூன்று முறை சொல்ல வேண்டும். விளக்கம் கூடாது, வார்த்தை மட்டும். படித்தவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார், படிக்காதவர் காதில் விழுந்ததைச் சொல்வார். வெளியே கேட்கும்போது இரண்டும் ஒன்றுதான்! நான்காவது, சில நிமிடம் அமைதி. (சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.) ஐந்தாவது, அந்த வார்த்தை தன் வாழ்க்கையில் எங்கே தொட்டது என்று பகிர்வது. இங்கே ஒரு கண்டிப்பான விதி: 'நான்' என்றுதான் பேச வேண்டும், 'நீங்க எல்லாம்' என்று பிரசங்கம் பண்ணக் கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கவும் கூடாது. ஆறாவது, இதனால் குழுவாக நாம் என்ன செய்யப் போகிறோம் என்று முடிவெடுப்பது. ஏழாவது, ஜெபித்து முடிப்பது.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். ஒரு தடவை எங்கள் அன்பியத்தில் மத்தேயு 20-ஆம் அதிகாரம், திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமை. தோட்டக்காரர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஆள் பிடிக்கிறார். பிறகு 9 மணிக்கு, 12 மணிக்கு, 3 மணிக்கு, கடைசியாகச் சாயங்காலம் 5 மணிக்கும் போய் ஆள் கூட்டி வருகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி அதுதான். கூலியாளின் சம்பளத்தை ராத்திரி தாண்டி வைத்திருக்கக் கூடாது என்பது யூதர்களின் சட்டம், அதனால்தான் அன்றைக்கே பட்டுவாடா. இதையெல்லாம் எங்கள் பொறுப்பாளர் முன்கூட்டியே சாமியாரிடம் கேட்டு வந்து சொன்னார். அந்தத் தயாரிப்பு இல்லாவிட்டால் கூட்டம் எங்கெங்கோ போய்விடும்.

மூன்றாம் படியில் எங்கள் ஆயா சொன்ன வார்த்தை, "சும்மா... சும்மா... சும்மா." இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். உவமையில், ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்பார், அந்த இடத்தில் வரும் வார்த்தை அது.

ஐந்தாம் படியில் ஆயா பேசினார். "நடவுக்கு ஆள் கூப்புட வருவாங்க. கெழவின்னு என்ன விட்டுட்டு மத்தவங்கள இட்டுகினு போவாங்க. நானு சும்மாவா நின்னேன்? கூப்புடல, அதான் நின்னேன். வேலைக்குப் போனவளுக்குக் காலையிலயே தெகிரியம் வந்துடும், சாயங்காலம் அடுப்பு எரியும்னு. நிக்கறவளுக்கு அது இல்ல. வெயில்ல நிக்கறதும் வேலதான்."

ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே சம்பளம் என்றால் தனக்குக் கோபம்தான் வரும், தன் வார்த்தை 'முணுமுணுப்பு' என்றார். மறுக்கக் கூடாது என்ற விதி இருப்பதால் இரண்டும் அப்படியே நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் பெரிய வாக்குவாதமே நடந்தது! இரண்டு பேர் சொன்னதும் உவமைக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. முணுமுணுத்தவர்களும் அந்தக் கதையில் வருகிறார்களே. பிரசங்கத்தில் ஒரே அர்த்தம்தான் கிடைத்திருக்கும். அதுவும் ஐந்து மணி வரைக்கும் வெயிலில் நின்ற ஒருவர் வாயால் கிடைத்திருக்காது.

இப்படியெல்லாம் எழுதுவதால் எல்லா அன்பியமும் பிரமாதம் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் ஜெபமாலை சொல்லி, சந்தா வசூலித்து, சுண்டல் கொடுத்தால் கூட்டம் முடிந்தது. ஆம்பளைங்க வருவது அபூர்வம். சட்டென்று விட்டுவிடுவது ஆறாம் படியைத்தான். ஏனென்றால் அதில் மட்டும்தான் கூட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. உவமை வாசித்த அன்றைக்கு எங்கள் அன்பியம் எடுத்த முடிவு ரொம்பச் சின்னது: நடவு, களை வேலைக்கு ஆள் சேர்க்கும் அக்கா இரண்டு பேர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள், இனிமேல் வயசானவர்களையும் முறை வைத்துக் கூப்பிட வேண்டும். அந்தப் போகம் கூப்பிட்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீடுகளைச் சேர்த்தால் அன்பியம் என்றேன். நம் ஊர்களில் பக்கத்து வீடு என்றால் யார்? தெருவே சாதியாகத்தானே பிரிந்து கிடக்கிறது. தெருவாரியாகக் குழு பிரித்தால் ஊர்த்தெருவுக்கு ஒரு அன்பியம், காலனிக்கு ஒரு அன்பியம் என்று ஆகிவிடும். பூசையிலாவது எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். நல்ல சமாரியர் கதையை அவரவர் தெருவில் தனித்தனியாக உட்கார்ந்து வாசிப்பதில் என்ன பிரயோஜனம்? திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று இந்திய ஆயர்களே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இரண்டு தெருவையும் சேர்த்து ஒரே அன்பியமாக வைத்திருக்கிறார்கள். கூட்டம் வீட்டுக்கு வீடு சுற்றி வரும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்குக் கூட்டத்துக்குப் போவது என்றால் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், அவர்கள் பாயில் உட்கார வேண்டும், அவர்கள் டம்ளரில் டீ குடிக்க வேண்டும். ஆரம்பத்தில் காலனி வீட்டில் கூட்டம் என்றால் சில பேருக்கு அன்றைக்கென்று பார்த்துத் தலைவலி வரும், வந்தவர்களிலும் சிலர் "இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்" என்று டம்ளரைத் தொட மாட்டார்களாம். ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாரும் அவர்களைத் திட்டவில்லை, டீ போடுவதையும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலையெண்ணிக்கைப்படி டம்ளர் வந்துகொண்டே இருந்தது.

போன மாதம் அதே வீட்டில்தான் கூட்டம். நான்தான் டம்ளர்களைக் கழுவி வைத்தேன். ஒன்றிலும் டீ மிச்சம் இல்லை.

– 11-ஆம் வகுப்பு மாணவி